தூக்கு யாருக்குன்னு எப்படி முடிவாகுது?

2017 பிப்ரவரில சென்னை மௌலிவாக்கத்துல ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு காணாம போச்சு, அப்புறம் எரிஞ்ச உடலாத்தான் கிடைச்சுது. அதே அப்பார்ட்மெண்ட்ல குடியிருந்த ஒரு இளைஞர கைது பண்ணாங்க. தமிழ்நாடே கொதிச்சுது, அந்த நேரத்துல தூக்கு வேணாம்னு யாராவது வாய தொறந்திருந்தா அடிச்சே இருப்பாங்க. 2018 பிப்ரவரில செங்கல்பட்டு மகளிர் கோர்ட் தூக்கு குடுத்துச்சு, அதே வருஷம் ஜூலைல ஹைகோர்ட் உறுதி பண்ணுச்சு. 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அந்த ஆள விடுதலை பண்ணிருச்சு. கருணை காட்டி இல்ல, வழக்கே நிரூபிக்கப்படலன்னு சொல்லி. பொண்ணோட அவர கடைசியா பார்த்தேன்னு சொன்ன சாட்சிய நம்ப முடியல, பெருசா பேசப்பட்ட சிசிடிவி பதிவு ஒழுங்கா கோர்ட்டுக்கே வரல, குற்றச்சாட்டு பதிவு பண்ணும்போது அவருக்கு வக்கீல் இல்ல, சட்ட உதவி வக்கீல் வந்து சில நாள்லயே சாட்சி விசாரணை ஆரம்பிச்சிருச்சு, குற்றவாளின்னு சொன்ன அன்னிக்கே தூக்குன்னும் எழுதிட்டாங்க. இதெல்லாம் தீர்ப்புல இருக்கு.

இதுல ரெண்டு வாய்ப்புதான் இருக்கு. அந்த ஆள் செய்யலன்னா, செய்யாத ஒருத்தர ஏழு வருஷத்துக்கு மேல தூக்குக் கயித்தோட நிழல்ல வச்சிருந்தோம், செஞ்சவன் வெளிய சுத்திட்டு இருக்கான். அவரே செஞ்சிருந்தார்னா, அத நிரூபிக்கிற வேலைய அரைகுறையா பண்ணி அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்த நாமளே கெடுத்துட்டோம். எப்படி பார்த்தாலும் பெத்தவங்க கையில ஒண்ணும் இல்ல. அவ்வளவு சத்தமா கேட்ட தூக்கு, அவ்வளவு வேகமா கிடைச்ச தூக்கு, அந்தக் குடும்பத்துக்கு எதையும் குடுக்கல.

மரண தண்டனை சரியா தப்பான்னு பேச ஆரம்பிச்சா உடனே எல்லாரும் “இப்படி ஒரு காரியம் பண்ணவன் உயிரோட இருக்கலாமா?”ங்கிற கேள்விக்குப் போயிடறோம். அந்தக் கேள்வி முக்கியமானதுதான், தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனா அதுக்கு “இருக்கக் கூடாது”ன்னே பதில் சொன்னாலும் அதோட விவாதம் முடியறது இல்ல. அப்படிப்பட்டவன் யாருன்னு கண்டுபிடிச்சு, நூறு கொலைகாரன்ல இந்த ஒருத்தனுக்கு மட்டும் தூக்குன்னு பொறுக்கி எடுக்கிற வேலைய நம்ம போலீஸ், நம்ம கோர்ட், நம்ம வக்கீல், நம்ம உள்துறை ஃபைல் எல்லாம் சேர்ந்து பண்ணணுமே, அது முடியுதா? நான் தூக்குக்கு எதிரா நிக்கறதுக்கு முக்கியமான காரணம் இந்த இடம்தான்.

முதல்ல தூக்கு வேணும்னு சொல்றவங்க பக்கத்த ஒழுங்கா சொல்லிடணும். அவங்கள ரத்தவெறி பிடிச்சவங்கன்னு ஒதுக்கிவிடறது அநியாயம். அவங்க வாதத்தோட பலமான வடிவம் பழிவாங்கறது இல்ல. செத்துப்போன உயிருக்கு ஒரு மதிப்பு இருக்கு, அந்த மதிப்புக்கு ஈடா சமூகம் எதையாவது சொல்லியாகணும், சில கொடுமைகளுக்கு “இத்தனை வருஷம் ஜெயில்”னு ஒரு நம்பர் சொல்றதே செத்தவங்கள அவமானப்படுத்தறதுன்னு அவங்க நினைக்கிறாங்க. பாதிக்கப்பட்ட அம்மாகிட்ட போய் “மன்னிச்சிடுங்கம்மா”ன்னு சொல்ற தகுதி எனக்கோ வேற யாருக்குமோ கிடையாது, அதுவும் உண்மை. நம்ம ஊர் மேடைல வள்ளுவரையும் கூப்பிடுவாங்க, செங்கோன்மை அதிகாரத்தோட கடைசிக் குறள்ல கொலைகாரங்கள அரசன் தண்டிக்கறது பயிர்ல களை எடுக்கற மாதிரின்னு இருக்கே, அத. சரி, இருக்கு. ஆனா அதே அதிகாரத்தோட முதல் குறள் என்ன சொல்லுது? நல்லா விசாரிச்சு, யார் மேலயும் சாய்வு இல்லாம, ஆராய்ஞ்சு செய்யறதுதான் முறைன்னு சொல்லுது. ஒன்பது குறள் தாண்டித்தான் களை வருது. நான் இங்க பேசப் போறது முழுக்க அந்த முதல் குறளப் பத்தித்தான்.

பயமுறுத்தற விஷயத்த சுருக்கமா முடிச்சிடலாம். தூக்கு இருந்தா கொலை குறையும்னு நிரூபிக்க உலகம் பூரா முயற்சி பண்ணிப் பார்த்துட்டாங்க. அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012ல பல பத்து வருஷ ஆய்வுகள எடுத்துப் பார்த்துட்டு, தூக்கு கொலைய குறைக்குதா கூட்டுதா ஒண்ணும் பண்ணலையான்னு இதுங்கள வச்சு சொல்லவே முடியாதுன்னு எழுதிருச்சு. நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, திருவிதாங்கூர் சமஸ்தானம், இன்னிக்கு கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற பகுதியும் அன்னிக்கு அதுலதான் இருந்துச்சு. அங்க 1940கள்ல தூக்க எடுத்துட்டாங்க, இந்தியாவோட சேர்ந்த அப்புறம் திரும்பி வந்துருச்சு. அடிக்கடி எடுத்துக்காட்டப்படற கணக்குப்படி தூக்கு இல்லாத 1945-50ல 962 கொலை, தூக்கு வந்த அப்புறம் 1950-55ல 967 கொலை. இத வச்சு பெரிய முடிவுக்கு வர வேணாம், ஆனா தூக்கு போனா ஊர் சுடுகாடாயிடும்னு சொல்றவங்க இதையும் பார்க்கணும்.

இப்ப சட்டம். வெள்ளைக்காரன் எழுதுன பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல கொலைக்கு தூக்குதான் வழக்கமான தண்டனை, தூக்கு குடுக்கலன்னாதான் ஜட்ஜ் காரணம் எழுதணும். 1955ல அந்த வரிய எடுத்தாங்க. 1973ல வந்த புதுச் சட்டம் அத அப்படியே தலைகீழாக்கிருச்சு, ஆயுள்தான் வழக்கம், தூக்கு குடுத்தா தனியா காரணம் எழுதணும்னு. 1980ல பச்சன் சிங் வழக்குல அஞ்சு ஜட்ஜ் உக்காந்து தூக்கு அரசியல் சட்டத்துக்கு விரோதமான்னு பார்த்தாங்க, நாலு பேர் இல்லன்னாங்க, ஆனா ‘அரிதிலும் அரிதான’ வழக்குலதான் குடுக்கணும், வேற வழியே இல்லன்னு ஆகும்போதுதான் குடுக்கணும், குற்றத்த மட்டும் பார்க்காம குற்றவாளியையும் பார்க்கணும்னு கட்டுப்பாடு வச்சாங்க. அஞ்சாவது ஜட்ஜ் பகவதி ஒத்துக்கல. எந்த ஜட்ஜ் உக்காந்திருக்கார்ங்கிறத வச்சு ஒருத்தன் உயிரோட இருக்கறதும் சாகறதும் முடிவாகும், அது சமத்துவமே இல்லன்னு எழுதுனார்.

அவர் சொன்னது எந்த அளவுக்கு சரின்னு ஹர்பன்ஸ் சிங் வழக்குலயே தெரிஞ்சுபோச்சு. உத்தரப்பிரதேசத்துல ஒரே சம்பவம், ஒரு குடும்பத்துல நாலு பேர் கொலை, மூணு பேருக்கும் ஒரே தீர்ப்புல தூக்கு, மூணு பேர் செஞ்சதும் ஒரே அளவு. மூணு பேரும் தனித்தனியா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, தனித்தனி பெஞ்ச் கிட்ட. காஷ்மீரா சிங்குக்கு தண்டனை ஆயுளா குறைஞ்சுது. ஜீத்தா சிங் மனு தள்ளுபடி, 1981 அக்டோபர் 6ல தூக்குல போட்டாங்க. அதே நாள் ஹர்பன்ஸ் சிங்கையும் போடறதா இருந்துச்சு, கடைசி நேரத்துல அவர் ஒரு ரிட் மனு போட்டதுனால நின்னுச்சு, அப்பதான் கோர்ட்டுக்கே தெரியுது ஒரே குற்றத்துக்கு ஒருத்தன் செத்தாச்சு ஒருத்தன் ஆயுள்ல இருக்கான்னு. இவரோட தண்டனைய குறைக்கச் சொல்லி ஜனாதிபதிக்கு பரிந்துரை பண்ணாங்க. ஜீத்தா சிங்குக்கு என்ன பண்ண முடியும்? அவர் செத்து சில மாசம் ஆகியிருந்துச்சு.

நம்ம பாலாறு வழக்கையும் பாருங்க. 1993ல வீரப்பன் கூட்டம் வச்ச கண்ணிவெடில 22 பேர் செத்தாங்க. மைசூர்ல தடாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான கோர்ட் 2001ல நாலு பேருக்கு ஆயுள் குடுத்துச்சு. சாட்சிகள நேர்ல பார்த்து, முகத்தப் பார்த்து விசாரிச்ச ஜட்ஜுக்கு இது ஆயுள் வழக்காத்தான் தெரிஞ்சுது. 2004ல சுப்ரீம் கோர்ட் தானாவே அத தூக்கா உயர்த்துச்சு. 2013ல கருணை மனு தள்ளுபடி ஆகி எந்த நாளும் தூக்குங்கிற நிலைமை. 2014 ஜனவரில அதே சுப்ரீம் கோர்ட் சத்ருகன் சௌகான் தீர்ப்புல பெரும்பாலும் தாமதத்த காரணம் காட்டி, இந்த நாலு பேரையும் சேர்த்து மொத்தம் 15 பேரோட தண்டனைய ஆயுளா மாத்துச்சு. ஆயுள், தூக்கு, ஆயுள். இதுக்கு நடுவுல அந்த மனுஷங்களும் மாறல, ஆதாரமும் மாறல.

இத விட மோசமான ஒண்ணு இருக்கு, அதப் பத்தி தமிழ்ல ரொம்பப் பேர் பேசி நான் பார்த்தது இல்ல. 1995 டிசம்பர்ல ராவ்ஜிங்கிற ராஜஸ்தான்காரர் வழக்குல சுப்ரீம் கோர்ட், தண்டனை முடிவு பண்ண குற்றத்தோட கொடூரத்தப் பார்த்தா போதும், குற்றவாளியோட நிலைமைய பார்க்க வேண்டியதில்லங்கிற மாதிரி எழுதிருச்சு. பச்சன் சிங் சொன்னதுக்கு நேர் எதிர். அவர 1996ல தூக்குல போட்டாங்க. அந்தத் தீர்ப்ப வச்சு அப்புறமும் பல பேருக்கு தூக்கு உறுதியாச்சு, சுர்ஜா ராம்ங்கிறவர 1997ல போட்டாங்க. 2009ல சந்தோஷ் பரியார் வழக்குலதான் சுப்ரீம் கோர்ட்டே சொல்லுது, ராவ்ஜி தீர்ப்பு சட்டத்த கவனிக்காம குடுத்த தப்பான தீர்ப்புன்னு. 2012ல 14 ஓய்வு பெற்ற ஜட்ஜுங்க ஜனாதிபதிக்கு கடிதம் எழுதுனாங்க, தப்பான தீர்ப்பால ரெண்டு பேர கொன்னுட்டோம், மிச்சம் இருக்கறவங்களையாவது காப்பாத்துங்கன்னு. கோர்ட்ல உக்காந்து தீர்ப்பு எழுதுனவங்களே இப்படி எழுதறாங்கன்னா அந்தப் பாரம் எப்படி இருந்திருக்கணும்.

தண்டனைல தப்பு நடக்கலாம், ஆனா குற்றவாளியே மாறிப் போற அளவுக்கா நடக்கும்னு கேக்கலாம். நடக்குது. மகாராஷ்டிராவுல 2003ல ஒரு வீட்டுக்குள்ள புகுந்து அஞ்சு பேர கொன்ன வழக்கு, நாடோடிப் பழங்குடி சமூகத்தச் சேர்ந்த ஆறு பேர பிடிச்சாங்க. ஹைகோர்ட் மூணு பேருக்கு தூக்கும் மூணு பேருக்கு ஆயுளும்னு சொல்லியிருந்தத 2009ல சுப்ரீம் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்குன்னு ஆக்குச்சு. அதுல ஒருத்தர் சம்பவம் நடந்தப்ப பதினெட்டு வயசுகூட ஆகாத பையன்னு அப்புறம் தெரிஞ்சுது. 2019 மார்ச்ல அதே சுப்ரீம் கோர்ட், வேற மூணு ஜட்ஜ், ஆறு பேரும் நிரபராதின்னு விடுதலை பண்ணி ஆளுக்கு 5 லட்சம் குடுக்கச் சொன்னாங்க. உயிர் தப்புன சாட்சி போலீஸ் ஆல்பத்துல இருந்து வேற நாலு பேர் போட்டோவ காட்டி அடையாளம் சொல்லியிருந்திருக்காங்க, அவங்கள யாரும் தேடிப் போகல. 16 வருஷம். ஏன் இவங்கள பிடிச்சாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நாடோடிச் சமூகங்கள பிறவித் திருடங்கன்னு வெள்ளைக்காரன் பட்டியல் போட்டான், சட்டம் போயும் போலீஸ் ஸ்டேஷன்ல அந்தப் பார்வை போகல, நம்ம குறவர் மக்களக் கேட்டா சொல்லுவாங்க.

நொய்டா நிதாரி வழக்கும் இதேதான். குழந்தைங்க எலும்பு கிடைச்ச வீட்டு வேலைக்காரர 2014 செப்டம்பர்ல மீரட் ஜெயில்ல தூக்குல போட ஏற்பாடு எல்லாம் ஆகி, நடுராத்திரில ஜட்ஜ் வீட்டுக்குப் போய் வக்கீலுங்க தடை வாங்குனாங்க. அதுக்கப்புறம் மத்த வழக்குகள் ஒவ்வொண்ணா உடைஞ்சு, 2025 நவம்பர்ல அவருக்கு தூக்கு உறுதியாகியிருந்த அந்த ஒரே வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுச்சு. அன்னிக்கு ராத்திரி அந்தத் தடை கிடைக்கலன்னா இந்தத் தீர்ப்ப யாருக்குக் குடுத்திருப்பாங்க? இங்கயும் அந்தக் குழந்தைகள கொன்னது யாருங்கிற கேள்வி அப்படியே நிக்குது, அந்த ஏழைப் பெத்தவங்கள யாரும் போய்ப் பார்க்கறது இல்ல.

யாருக்கு தூக்கு விழுதுன்னு டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்காரங்க நாடு பூரா ஜெயில் ஜெயிலா போய், தூக்குக் கைதிகளையும் குடும்பங்களையும் பார்த்துப் பேசி 2016ல ஒரு அறிக்கை போட்டாங்க. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்துல நலிஞ்சவங்க, முக்கால்வாசிப் பேர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, சிறுபான்மை மக்கள். இது ஏதோ மனித உரிமைக்காரங்க மட்டும் சொல்றது இல்ல. அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்ப தேங்கிக் கிடந்த தூக்கு வழக்குகள ஆராயச் சொன்னார், பெரும்பாலும் எல்லாத்துலயும் சமூக, பொருளாதாரச் சாய்வு இருந்தது தனக்கு ஆச்சரியமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். அப்படிச் சொன்ன அவர் காலத்துலதான் 2004ல தனஞ்சய் சாட்டர்ஜி மனு தள்ளுபடியாகி கொல்கத்தா அலிப்பூர் ஜெயில்ல தூக்கு நடந்துச்சு, அது வேற. கலாம் உடம்ப ராமேஸ்வரத்துல அடக்கம் பண்ண 2015 ஜூலை 30 காலைலதான் மும்பை குண்டுவெடிப்பு வழக்குக் கைதி யாகூப் மேமன நாக்பூர்ல தூக்குல போட்டாங்க. முந்துன ராத்திரி விடிய விடிய சுப்ரீம் கோர்ட் உக்காந்து கேட்டுத் தள்ளுபடி பண்ணுச்சு. நாம எல்லாரும் அன்னிக்கு ராமேஸ்வரத்தத்தான் பார்த்துட்டு இருந்தோம்.

ஏழைக்கு ஏன் தூக்கு விழுதுன்னா, ஏழைங்க அதிகமா கொல்றாங்கங்கிறது பதில் இல்ல. தூக்கா ஆயுளாங்கிறது ஆளோட வாழ்க்கையப் பார்த்து முடிவாகணும்னு பச்சன் சிங் சொல்லுது, அவன் எப்படி வளர்ந்தான், மனநிலை என்ன, திருந்த வாய்ப்பு இருக்கான்னு யாராவது போய் விசாரிச்சு கோர்ட்ல கொண்டு வந்து வைக்கணும். அதுக்கு நேரம் ஒதுக்குற வக்கீல் வேணும். செஷன்ஸ் கோர்ட்ல சட்ட உதவி வக்கீலுக்கு குடுக்கிற காசுக்கு அவர் கேஸ் கட்ட படிச்சாலே பெருசு. குற்றவாளின்னு சொன்ன அன்னிக்கே மதியம் “தண்டனை பத்தி என்ன சொல்ற?”ன்னு கேட்டா அந்த மனுஷன் என்ன சொல்வான், வயசான அம்மா இருக்காங்க, குழந்தைங்க இருக்குன்னு சொல்வான், அவ்வளவுதான் எழுதுவாங்க. 2022 மே மாசம் மனோஜ் வழக்குலதான் சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஒழுங்கா வழிமுறை சொல்லி, ஜெயில் நடத்தை அறிக்கை, மனநல அறிக்கை எல்லாம் கீழ் கோர்ட்லயே வாங்கணும்னுச்சு. பச்சன் சிங்குக்கு 42 வருஷம் கழிச்சு. அந்த 2022ல மட்டும் கீழ் கோர்ட்டுங்க 160 பேருக்கு மேல தூக்கு குடுத்துச்சு. ஆனா 2000க்கு அப்புறம் நாடு பூரா தூக்குல போட்டது எட்டு பேர், தனஞ்சய், மும்பைத் தாக்குதல் வழக்குல கசாப், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குல அப்சல் குரு, மேமன், 2020 மார்ச் 20ல டெல்லி நிர்பயா வழக்கு நாலு பேர். நூத்துக்கணக்குல தூக்கு எழுதி எட்டு பேர மட்டும் போடறோம்னா, மத்தவங்களுக்கு எழுதுனது எல்லாம் என்ன?

இந்தச் சாய்வு, இந்தக் குளறுபடி எல்லாம் போகணும்னா ஜட்ஜ் கைல முடிவ குடுக்காம, இந்தக் குற்றத்துக்கு கட்டாயம் தூக்குன்னு எழுதிடலாமேன்னு ஒரு யோசனை வரும். அத சிங்கப்பூர் பண்ணிப் பார்த்துட்டு இருக்கு. நாகேந்திரன் தர்மலிங்கம்னு மலேசியத் தமிழர், 2009ல தொடைல 42.72 கிராம் ஹெராயின கட்டிட்டு எல்லை தாண்டும்போது பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69ன்னு கோர்ட்லயே வந்துச்சு. 15 கிராமுக்கு மேல போனா கட்டாய தூக்கு, ஆள் யாரு, யார் அனுப்புனாங்க, எதுக்குச் செஞ்சார்னு பார்க்கற வழி ரொம்பக் குறுகல். அம்மா வந்து கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டும் 2022 ஏப்ரல் 27ல போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல்ல தங்கராஜு சுப்பையாங்கிற சிங்கப்பூர்த் தமிழர ஒரு கிலோ கஞ்சா கடத்த உடந்தைன்னு போட்டாங்க, அவர் கஞ்சாவ கையாலகூட தொடல. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அங்க, அதுல மாட்டறது மூட்டை தூக்குறவன்தான், சரக்குக்குச் சொந்தக்காரன் எல்லை தாண்ட வரமாட்டான். மலேசியா 2023ல கட்டாய தூக்க எடுத்துருச்சு. இந்தியாலயும் ஆயுள் கைதி கொலை பண்ணா கட்டாய தூக்குன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, 1983ல மிட்டு வழக்குல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. ஆக ஜட்ஜ் கைல குடுத்தா ஆளுக்கு ஒரு நியாயம், சட்டத்துலயே பூட்டிட்டா மனுஷனப் பார்க்காத நியாயம். இந்த ரெண்டுக்கும் நடுவுல சரியான இடம் ஒண்ணு இருக்குன்னு நாப்பது வருஷமா தேடறோம், கிடைக்கல, கிடைக்கும்னு எனக்கு நம்பிக்கையும் இல்ல.

நமக்கு தூக்குன்னாலே ஞாபகம் வர்றது ராஜீவ் கொலை வழக்கு. 1998ல பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கு, அத்தனை பேருக்கும் தூக்கு குடுத்துச்சு. 1999 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதுல 19 பேர வெளிய அனுப்புச்சு, மூணு பேருக்கு ஆயுள், நாலு பேருக்கு தூக்கு. இது தடா சட்டத்துக்குள்ள வர்ற பயங்கரவாதக் குற்றம் இல்லன்னு சொன்ன அதே கோர்ட், அந்தத் தடா சட்டத்துல போலீஸ் அதிகாரி வாங்குன வாக்குமூலத்த மட்டும் ஏத்துக்கிச்சு, சாதாரண கொலை வழக்குல அப்படி ஏத்துக்கவே முடியாது. பேரறிவாளனுக்கு கைதாகும்போது வயசு 19. அவர் வாக்குமூலத்த பதிவு பண்ண சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013ல வந்து, வாங்கிக் குடுத்த பேட்டரி எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு அவர் சொன்னத நான் எழுதாம விட்டுட்டேன்னு சொன்னார். அந்த பெஞ்சுக்கு தலைமை வகிச்ச கே.டி.தாமஸும் இத்தனை வருஷம் கழிச்சு இவங்கள தூக்குல போடறது அரசியல் சட்டப்படி சரியில்லன்னு சொன்னார். ஆனா 2011 செப்டம்பர் 9ன்னு தேதியே குறிச்சிருந்தாங்க. கருணை மனு 11 வருஷம் மேஜைல கிடந்து, அந்த ஆகஸ்ட்ல தள்ளுபடி. ஆகஸ்ட் 28ல காஞ்சிபுரத்துல செங்கொடிங்கிற பொண்ணு அந்தத் தூக்க எதிர்த்து தீக்குளிச்சு செத்தாங்க, 30ஆம் தேதி ஹைகோர்ட் தடை குடுத்துச்சு, அன்னிக்கே சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. 2014 பிப்ரவரில ஆயுளா மாறுச்சு, 2022 மே 18ல பேரறிவாளன் வெளிய வந்தார், நவம்பர்ல மத்த ஆறு பேரும். அற்புதம்மாள் 31 வருஷம் ஜெயில் வாசலுக்கும் கோர்ட் வாசலுக்கும் நடந்த நடைய இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஒரு அம்மாவால அப்படி ஓட முடிஞ்சுது, ஒரு மாநிலமே பின்னால நின்னுச்சு. யாரும் நிக்காத கைதி நாட்டுல 500 பேருக்கு மேல இருக்காங்க.

இந்தக் காத்திருப்பே ஒரு தண்டனைதான். 1983ல வதீஸ்வரன்ங்கிற தமிழ்நாட்டுக் கைதி வழக்குல, எட்டு வருஷம் தனிமைல தூக்க எதிர்பார்த்து கிடந்தவர், சுப்ரீம் கோர்ட் சின்னப்ப ரெட்டி பெஞ்ச் ரெண்டு வருஷத்துக்கு மேல தாமதமானா குறைக்கணும்னுச்சு. ரெண்டு மாசம்கூட ஆகல, வேற பெஞ்ச் ஷேர் சிங் வழக்குல அப்படி விதி எதுவும் கிடையாதுன்னு மாத்திருச்சு. அப்சல் குருவ 2013 பிப்ரவரில போட்டப்ப குடும்பத்துக்கு அனுப்புன ஸ்பீட் போஸ்ட் அவர் செத்த அப்புறம் போய்ச் சேர்ந்துச்சு. மறு வருஷம்தான் மனு தள்ளுபடிக்கும் தூக்குக்கும் நடுவுல 14 நாளாவது இருக்கணும், குடும்பம் பார்க்கணும்னு கோர்ட் சொல்லுச்சு.

நம்ம நேர்மைய சோதிக்கிற வழக்கு ராஜீவ் வழக்கு இல்ல, தர்மபுரி பஸ் எரிப்பு. 2000 பிப்ரவரி 2ல, ஜெயலலிதாவுக்கு ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்குல தண்டனை விழுந்ததுக்கு, இலக்கியம்பட்டில வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸ கட்சிக்காரங்க கொளுத்துனாங்க. உள்ள இருந்த மூணு மாணவிங்க எரிஞ்சு செத்தாங்க. மூணு பேருக்கு 2007ல தூக்கு, 2010ல சுப்ரீம் கோர்ட் உறுதி, 2016ல சீராய்வுல அதே கோர்ட் கும்பல் ஆவேசம்னு சொல்லி ஆயுளா குறைச்சுது. ராஜீவ் வழக்குத் தூக்குக்கு எதிரா நின்ன பல பேர் இந்த மூணு பேர் விஷயத்துல வாயே திறக்கல, சிலர் போடணும்னே சொன்னாங்க. அந்த மாணவிங்கள நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனாலும் இவங்களையும் தூக்குல போடக் கூடாதுன்னுதான் சொல்வேன், இவங்களுக்குச் சொல்லலன்னா பேரறிவாளனுக்குச் சொன்னதுல அர்த்தம் இல்ல, நம்ம ஆளுக்கு மட்டும் கருணைன்னு ஆயிடும். அம்பேத்கர் 1949ல அரசியல் நிர்ணய சபைல, தூக்கையே மொத்தமா எடுத்துடறதுதான் இந்த நாட்டுக்கு சரின்னு சொன்னப்ப, நல்லவனுக்கு மட்டும்னு பிரிச்சுச் சொல்லல.

குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் கொடுமைக்கு 2018லயும் 2019லயும் தூக்கு சேர்த்தாங்க. கைதட்டுனோம். இந்தியால பாலியல் வழக்குகள்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல குற்றவாளி தெரிஞ்ச ஆள்தான், மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு. அப்பாவையோ தாத்தாவையோ தூக்குல ஏத்தணும்னா எத்தனை வீட்ல புகார் குடுக்க விடுவாங்க? கெடுத்தாலும் தூக்கு கொன்னாலும் தூக்குன்னா, சாட்சியா இருக்கிற அந்த ஒரே குழந்தைய அவன் உயிரோட விடுவானா? நிர்பயாவுக்கு அப்புறம் அமைஞ்ச ஜே.எஸ்.வர்மா கமிட்டி 2013லயே பாலியல் வன்முறைக்கு தூக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துச்சு. நாடு அவ்வளவு கோபமா இருந்த நேரத்துல, கோபத்துக்குக் காரணமான அந்த வழக்குக்காகவே போட்ட கமிட்டி.

“அப்ப 14 வருஷத்துல வெளிய வந்துடுவானே”ங்கிறது நியாயமான பயம். ஆனா 2008ல ஷ்ரத்தானந்தா வழக்குல இருந்தே சுப்ரீம் கோர்ட் 20 வருஷம், 30 வருஷம், இல்ல சாகற வரைக்கும் குறைப்பே கிடையாதுன்னு ஆயுள் குடுக்குது, 2015ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் அத சரின்னும் சொல்லியாச்சு. சமூகத்த காப்பாத்த தூக்குதான் ஒரே வழின்னு இப்ப சொல்ல முடியாது. சட்ட ஆணையமும் 1967ல தூக்கு இருக்கட்டும்னு சொன்னது, 2015ல ஏ.பி.ஷா தலைமைல, பயங்கரவாதம் தவிர மத்ததுக்கு எடுத்துடலாம்னு சொல்லுச்சு. பயங்கரவாதத்த மட்டும் விட்டு வச்சது எனக்கு ஒப்பல, போலீஸ் மேல அழுத்தம் அதிகமா இருக்கறதும், வாக்குமூலத்த மட்டும் நம்பி ஓடறதும் அந்த மாதிரி வழக்குலதான்.

தூக்கு வேணாம்னு சொல்ற என்னை மாதிரி ஆளுங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். தர்மபுரி வழக்கு மூணு பேர 2018 நவம்பர்ல எம்ஜிஆர் நூற்றாண்டு விழாவ சாக்கா வச்சு முன்விடுதலை பண்ணாங்க, அந்தப் பொண்ணுங்களோட பெத்தவங்க வேதனைப்பட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவோட செத்த போலீஸ்காரங்க, சாதாரண ஜனங்க குடும்பங்களும் ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்கு வந்து எங்களையும் கேளுங்கன்னாங்க. அவங்க சொன்னபடி செய்யணும்னு நான் சொல்லல, ஆனா அவங்கள உக்கார வச்சு என்ன நடக்குது ஏன் நடக்குதுன்னு சொல்லவாவது ஒரு ஏற்பாடு வேணும். விசாரணை எங்க நிக்குதுன்னு சொல்ல ஒரு ஆள், நஷ்ட ஈட்டுக்கு அலையாம இருக்க ஒரு வழி, முன்விடுதலைக்கு முன்னாடி அவங்க பேச ஒரு நாள், ஆதாரத்த ஒழுங்கா சேகரிக்கிற ஒரு போலீஸ். தூக்குக்கு எதிரா மனு எழுதற ஒவ்வொருத்தரும் இத்தனையையும் அதே மனுவுல சேர்த்துக் கேக்கணும், மௌலிவாக்கம் பெத்தவங்களுக்கு இதுல ஒண்ணுகூட கிடைக்கல.